காசியின் தொண்ணூறு விநாடி

எனக்கு நாற்பத்து மூன்று வயது, அதில் இருபது வருடம் மென்பொருள் எழுதிச் சம்பாதித்திருக்கிறேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து போகிற ஆள் நான், வீட்டில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டக்கூட விடமாட்டேன், எது நடந்தாலும் எங்கேயோ ஒரு வரி தப்பாக எழுதியிருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்பதுதான் என் நம்பிக்கை. இதையும் அப்படித்தான் தேடினேன். தேடிக் கிடைக்காமல்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், பரவாயில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன்.

கொரோனா சமயத்தில் சென்னையை விட்டு மதுரை தல்லாகுளத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்தவன், அங்கிருந்தேதான் இன்றும் வேலை பார்க்கிறேன். கம்பெனி பெங்களூரில். ஒன்பது பேர் கொண்ட எங்கள் குழுவுக்கு நான்தான் லீட், ஆளுக்கொரு ஊர். மதுரையில் என்னைத் தவிர இன்னொருவன் காசிராஜன். பரவையில் விவசாயக் குடும்பம், முதல் தலைமுறை பட்டதாரி, நான்தான் அவனைக் கம்பெனிக்குச் சிபாரிசு செய்தேன். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் இருவரும் கோர்ட்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்று மேனேஜரைத் திட்டிவிட்டு வீடு திரும்புவோம்.

எங்கள் தொழிலில் காலையில் ஒரு சடங்கு உண்டு. ஸ்டாண்ட்-அப் என்று பெயர், ஆனால் எல்லோரும் உட்கார்ந்துதான் இருப்போம். ஒன்பதரைக்கு எல்லோரும் கணினியில் ஒரே அழைப்பில் கூடி, ஆளுக்குத் தொண்ணூறு விநாடிக்குள் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எனக்கு என்ன தடை இருக்கிறது. பேர் கூப்பிடுவதும் நேரம் பார்ப்பதும், எல்லோரும் பேசியதைச் சுருக்கி மெயில் அனுப்புவதும் ஒரு சின்ன நிரல். அதை எழுதியதே காசிதான். பேர்களை ஒரு பட்டியலாக அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தான், என் பேருக்கு அடுத்து அவன் பேர்.

போன வருடம் எங்கள் கம்பெனியில் செயற்கை நுண்ணறிவு வந்து உட்கார்ந்தது. நிரலை அது எழுதும், நாம் சரிபார்த்து அனுப்பினால் போதும் என்றார்கள். ஒரு நாளில் யார் எத்தனை அனுப்பினார்கள் என்று எண்ண ஆரம்பித்தார்கள். நாங்கள் எல்லோரும் படிக்காமலேயே 'சரி' போட்டுத் தள்ளினோம், நானும்தான், வெட்கமில்லாமல் சொல்கிறேன். காசி மட்டும் வரி வரியாகப் படித்தான். "இது பாக்க நல்லாத்தாண்ணே இருக்கு, ஆனா தப்பு" என்பான். இரண்டு முறை அவன் பிடித்த தப்பு வெளியே போயிருந்தால் எங்கள் வாடிக்கையாளர் எங்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பார். ஆனாலும் எண்ணிக்கையில் அவன்தான் கடைசி.

ஆள் குறைக்கப் போகிறோம், உன் குழுவில் ஒரு பேர் கொடு, காரணமும் எழுது என்று மேனேஜர் கேட்டார். நான் கொடுக்காவிட்டால் போகப்போவது யார் என்று எனக்குத் தெரியும். குழுவிலேயே வயது கூடியவன், சம்பளம் கூடியவன். நாற்பத்து மூன்றில் வெளியே போனால் இந்தத் தொழிலில் யார் திரும்பக் கூப்பிடுவார்கள். அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, காசிராஜன் என்று டைப் செய்து, காரணம் என்ற கட்டத்தில் 'மிக மெதுவாக வேலை செய்கிறார்' என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நிமிட வேலை.

அவனைக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசினார்கள். பேசி முடிப்பதற்குள் லேப்டாப் பூட்டிக்கொண்டதாம். உடனே எனக்குத்தான் போன் போட்டான்.

"என் பேரு எப்படிண்ணே அதுல போச்சு? ஒங்களுக்கு எதுவும் தெரியுமா?"

"மேலருந்து வந்த லிஸ்ட்டுப்பா. எனக்கே இப்பத்தான் தெரியும்."

"ஸ்லோன்னு எழுதியிருக்காகண்ணே. நான் ஸ்லோவா?"

அதற்கு நான் என்ன சொன்னேன் என்றே ஞாபகம் இல்லை. சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அதன் பிறகு அவன் இரண்டு தடவை கூப்பிட்டான், எடுக்கவில்லை. அப்புறம் அவனும் கூப்பிடுவதை விட்டுவிட்டான்.

அவன் எழுதிய நிரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பட்டியலிலிருந்து அவன் பேரை எடுக்க வேண்டியது என் பொறுப்பு, ஒரே ஒரு வரி, அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை. பாசம் என்று நினைக்காதீர்கள், அந்தக் கோப்பைத் திறக்கவே பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் தினமும் என் முறை முடிந்ததும் அது காசிராஜன் என்று கூப்பிடும், தொண்ணூறு விநாடி காத்திருக்கும், அடுத்த ஆளுக்குப் போகும். குழுவில் ஒருத்தரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த இடைவெளியில் ஒருத்தர் காபி எடுக்கப் போவார், ஒருத்தர் மெயில் பார்ப்பார். ஐந்து மாதம் இப்படியே ஓடியது.

ஒரு வியாழக்கிழமை. நல்ல வெயில், ஜன்னல் திறந்திருந்தது, கீழே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இருட்டு, மழை, நாய் ஊளை ஒன்றும் கிடையாது, காலை ஒன்பதரை மணி. நான் பேசி முடித்தேன், எனக்குத் தடை ஒன்றுமில்லை என்றேன். நிரல் காசிராஜன் என்றது.

"நேத்து அறுபது மூட்ட எறக்குனேன், சின்ன வெங்காயம். இன்னைக்கு திண்டுக்கல் லாரி வரணும்."

காசியின் குரல். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுகிற அந்த இழுவை. நாங்கள் ஆங்கிலத்தில் நடத்துகிற கூட்டத்தில் பச்சை மதுரைத் தமிழ். நான் திரையில் கட்டங்களை எண்ணினேன், எட்டுதான் இருந்தது. "தடை ஒண்ணு இருக்கு" என்றது குரல், நேரம் முடிந்தது, நிரல் அடுத்த பேரைக் கூப்பிட்டது. எல்லோரும் வழக்கம்போல் பேசிவிட்டுக் கலைந்தார்கள்.

திவ்யா என்று குழுவில் ஒரு பெண், கோயம்புத்தூர்க்காரர், அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"காசி பேர் வந்தப்ப ஏதாச்சும் கேட்டுச்சாம்மா?"

"அந்த டைம்லதானுங் சார் நான் காபி எடுக்கப் போவேன்" என்றார்.

காசியின் கணக்கை மறுபடி திறந்துவிட்டார்களா என்று பார்த்தேன். ஐந்து மாதத்துக்கு முன்பே மூடிய தேதி இருந்தது. அந்தக் கூட்டத்தில் யார் யார் சேர்ந்தார்கள் என்ற பதிவில் எட்டுப் பேர். பழைய பேச்சு எதையாவது நிரல் திரும்பப் போட்டதா என்றால், காசி எப்போது கூட்டத்தில் வெங்காயம் பற்றிப் பேசினான். கடைசியில் அன்றைய சுருக்க மெயிலைத் திறந்தேன், எங்கள் குழுவில் ஒருத்தரும் திறக்காத மெயில் அது. காசிராஜன் என்ற பேருக்கு நேரே, அறுபது மூட்டைச் சின்ன வெங்காயம் இறக்கப்பட்டது என்று சுத்தமான ஆங்கிலத்தில் இருந்தது.

மறுநாள் வெள்ளி. என் முறை முடிந்தது, அவன் பேர் வந்தது, ரொம்ப நேரம் ஒன்றுமில்லை, விட்டது சனியன் என்று நினைத்தேன்.

"நேத்து லாரி வந்துருச்சு. இன்னைக்கு வேற ஒண்ணும் இல்ல. தடை, அண்ணன் இன்னும் சொல்லல."

அன்று மெயிலுக்கு மேனேஜரே பதில் போட்டிருந்தார். பழைய ஆள் பேரும் ஏதோ குப்பையும் மெயிலில் வருகிறது, பட்டியலைச் சுத்தம் செய் என்று இரண்டே வரி. அவருக்கு அது குப்பை. எனக்கு இரவு தூக்கம் போயிற்று.

சனிக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு பரவைக்குப் போனேன். அவன் வீட்டில் கேட்டதும், மார்க்கெட்டில் அவன் மாமாவின் வெங்காய மண்டியில் வேலை பார்க்கிறான் என்றார்கள். அது அப்போதுதான் எனக்குத் தெரியும், இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. அதிகாலைக் கூட்டம் வடிந்து, தரையெல்லாம் வெங்காயச் சருகு. மண்டிக்குள் காசி முதுகைக் காட்டி நின்றிருந்தான். மூட்டை அடுக்கைப் பார்த்தபடி நேராக நின்று வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். முடித்துவிட்டுத் திரும்பினான்.

"வாங்கண்ணே. என்ன இம்புட்டு தூரம்?"

கோபம் ஒன்றும் இல்லை, முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். டீ சொல்லி அனுப்பினான், நான் பிடிவாதமாகக் காசு கொடுத்தேன், அதையாவது செய்தோம் என்றிருக்கட்டும் என்று. மூட்டையைப் பார்த்து என்ன சொல்லிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன், கூச்சப்பட்டான்.

"பழக்கம்ண்ணே. ஒம்பதர ஆனா வாய் தானா சொல்லுது. நேத்து என்ன, இன்னைக்கு என்ன, தடை என்னன்னு. மாமா பாத்தா லூசும்பாரு."

"புதன்கெழம எம்புட்டு மூட்ட எறக்குன?"

"அறுபதுண்ணே. ஏன் கேக்குறீங்க?"

"தடைன்னு என்ன சொல்லுவ?"

"தடையா? தடை ஒண்ணுமில்லம்பேன். இங்க என்னண்ணே தடை, தூக்குனா தூக்க வேண்டியதுதான்."

அவனுக்குத் தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகத்தில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. அப்படியானால் என்னிடம் பேசியது யார்.

அவன் மாமா வந்தார், என்னை அறிமுகப்படுத்தினான். "இவன் வந்த பெறகு நம்ம கடைல லாரி நிக்கிறதே இல்ல சார். எத எப்ப எறக்கணும்னு ஒரு ஒழுங்கு பண்ணிட்டான், சடசடன்னு முடிஞ்சிருது" என்றார். நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா போனதும், சென்னையில் என் சிநேகிதன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், உன் பேரைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். உண்மையாகவே இடம் இருந்தது, அந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும்.

"வேணாம்ண்ணே. எடுத்துட்டுப் பெறகு ஒங்களுக்குத்தான் கெட்ட பேரு. நான் ஸ்லோண்ணே, எழுதியே குடுத்துட்டாக. மொதல்ல நம்பல. பெறகு யோசிச்சுப் பாத்தேன், உண்மைதான். எல்லாரும் பத்து அனுப்புறப்ப நான் ரெண்டு அனுப்புவேன். எனக்கு இது வராதுண்ணே."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நீ ஸ்லோ இல்லை, எங்கள் எல்லோரையும் விட ஒழுங்காக வேலை பார்த்தவன் நீ ஒருத்தன்தான், அந்த வார்த்தையை எழுதியது நான், என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள எழுதினேன் என்று சொல்லியிருந்தால் அவன் திட்டியிருப்பான், அடித்தே இருக்கலாம், ஆனால் திரும்பவும் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பான். வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் அவன் சொன்னான்.

"நீங்க எனக்காக மேல சண்ட போட்டிருப்பீங்கன்னு தெரியும்ண்ணே. போன எடுக்கலன்னதும் சங்கடத்துல இருக்காருன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். இந்தக் கதையில் நீங்கள் எதை நம்பாவிட்டாலும் இதை நம்புங்கள்.

திங்கட்கிழமை ஒன்பதரை. நான் பேசினேன், தடை இல்லை என்றேன், அவன் பேர் வந்தது.

"சனிக்கெழம அண்ணன் கடைக்கு வந்தாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. ஒண்ணும் சொல்லல. தடை, அதே."

கூட்டம் முடிந்த அடுத்த நிமிடம் அந்தக் கோப்பைத் திறந்து அவன் பேர் இருந்த வரியை அழித்தேன். ஐந்து மாதமாக வராத கை அன்று வந்தது. அதற்குப் பிறகு அவன் குரல் வரவில்லை, இப்போது மூன்று மாதம் ஆகிறது. சென்னையில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். கூட்டம் தொண்ணூறு விநாடி முன்னதாகவே முடிகிறது, மேனேஜர்கூட நல்லது என்றார்.

ஆனால் சுருக்க மெயில் மட்டும். தினமும் நான் ஏழு பேர் முன்னால், எனக்குத் தடை ஒன்றுமில்லை என்று தெளிவாகச் சொல்கிறேன். என் குரலைத் தனியாகப் பதிவு செய்து போட்டும் கேட்டுப் பார்த்துவிட்டேன், அப்படித்தான் சொல்கிறேன். மெயிலில் என் பேருக்கு நேரே, தடை என்ற இடத்தில், 'அதே' என்று வருகிறது. நிரல் முழுவதையும் இரண்டு தடவை படித்துவிட்டேன், காசி படிப்பானே, அந்த மாதிரி வரி வரியாக. ஒரு தப்பும் இல்லை, அவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறான். இன்று காலையும் வந்தது.