சர்க்கரைப் பசையைச் சலவைத்தூள் ஆக்க அலங்காநல்லூர் சாலைக்கு ஒரு பயணம்

மதுரைக்குப் போகிறவர்கள் கோயில் பார்ப்பார்கள், ஜிகர்தண்டா குடிப்பார்கள். போன பங்குனியில் நான் இருபது கிலோ பசை நிரம்பிய கேனோடு போனேன். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை விலகி உட்கார்ந்தார்.

காரணம் என் அக்கா செல்வி. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் சலவைக்கடை வைத்திருக்கிறாள். மருத்துவமனை விரிப்புகள், குழந்தைத் துணிகள் எல்லாம் அவள் கையால்தான் வெளுக்கும். சலவைத்தூளின் காரத்தில் அந்தக் கை விரல்விரலாக வெடித்துவிட்டது. குழம்பு பட்டால் எரிகிறது என்று இரண்டு வருடமாகக் கரண்டியால் சாப்பிட்டாள். "தூளை மாத்துங்க, இல்ல தொழிலை மாத்துங்க" என்றுவிட்டார் தோல் மருத்துவர். கையுறை போட்டால் கறை கைக்குத் தெரியாது என்று அதையும் போட மாட்டாள்.

வழக்கமான தூளில் அழுக்கெடுக்கும் பொருள் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதே வேலையைச் செய்யும் பொருளைக் குளுக்கோஸும் தேங்காய் எண்ணெயும் கொண்டு செய்யலாம். கைக்குச் சாது. பசையாகக் கிடைக்கும். முதலில் அதைத் தண்ணீரில் கலந்து கொடுத்துப் பார்த்தேன். கை ஆறியது, ஆனால் வண்டியூர் போர் தண்ணீரின் உப்பில் விரிப்பெல்லாம் பழுப்பேறி, துணி கொடுத்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அக்கா பழைய தூளுக்கே போனாள். உப்பை அடக்க ஜியோலைட் என்ற வெள்ளை மாவு வேண்டும், அது தண்ணீரில் கரையாது, அதோடு சேர வேண்டுமானால் பசை தூளாக வேண்டும். தொழிலை விட மாட்டேன் என்றாள் அவள். நானும் விடுவதாக இல்லை.

மதுரை வந்த மறுநாள் காலை எட்டரைக்கு நானும் அக்காவும் பெரியார் நிலையத்தில் அலங்காநல்லூர் பேருந்து ஏறினோம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, கேனுக்குத்தான் லக்கேஜ் போட்டார்கள்.

"என்னம்மா கேன்ல, தேனா?" என்றார் நடத்துநர்.

"சர்க்கரைண்ணே. துணி துவைக்கிறதுக்கு."

அவர் என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். "தங்கச்சிக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையேம்மா?"

அலங்காநல்லூருக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரம் ரபீக் அண்ணனின் தகரக் கொட்டகை. அக்கா வழக்கமாகத் தூள் வாங்குவது அவரிடம்தான். உள்ளே ஒரு கலக்கும் எந்திரம், பின்னால் சிமென்ட் களம். அவர் முறை எளிது. சலவைச் சோடாவைக் கொட்டி, அதன்மேல் ஆசிட் சிலரி என்ற அந்தப் பெட்ரோலியக் குழம்பை ஊற்றுவார். ஆசிடும் சோடாவும் மோதிச் சூடு கிளம்பும், அந்தச் சூட்டிலேயே மாவு உலர்ந்துவிடும். இந்தப் பக்கத்தில் தூள் போடுகிறவர்கள் எல்லாரும் பழகியது இதுதான்.

எங்கள் பசையில் பாதியையும் அப்படியே ஊற்றினார். நான் முன்பே லாரியில் அனுப்பியிருந்த ஜியோலைட் மூட்டையைத் திறக்கவே இல்லை. "அது கடைசில தூவிக்கலாம். இப்பச் சூடு வரும் பாருங்க. தானா காஞ்சிரும்."

சூடு வரவில்லை. மத்தியானம் வரை எந்திரத்தில் கைவைத்துக் கைவைத்துப் பார்த்தார். உள்ளே கேப்பைக்களி மாதிரி உருண்டு கிடந்தது. "ராவுல வந்துரும்" என்று மூடிவிட்டார். மறுநாள் போனால் களி கல்லாகியிருந்தது. கடப்பாரை போட்டுத்தான் எடுத்தோம். பாதிப் பசை போச்சு. எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

"எனக்கு இருவது வருசமா சிலரி ஊத்துன கைம்மா இது" என்றார் அவர்.

"உங்க கையில தப்பில்லண்ணே. இது ஆசிட் இல்ல. சண்டைக்கு ஆள் வராம எப்படிச் சூடு கிளம்பும்? பசையில பாதி தண்ணி. சோடா அதைக் குடிச்சுத்தான் இறுகிப்போச்சு" என்றேன்.

அவர் கல்லைக் காலால் உருட்டிவிட்டுச் சிரித்தார். "அப்ப வெயிலைத்தேன் சண்டைக்கு இழுக்கணும். இன்னொரு தடவ பாப்போம். இதுவும் கெட்டிச்சுன்னா கேனைத் தூக்கிட்டுக் கெளம்பிருங்க, எனக்கு மத்த சரக்கு நிக்கிது."

கெட்டிக்க விடக் கூடாது என்று எனக்குள் வெறியே வந்துவிட்டது. இந்த முறை ஜியோலைட்டை முதலில் போட்டோம். கேனை வெந்நீரில் நிறுத்திப் பசையை இளக்கி, நூல்போல விட்டோம். மாவு அதைச் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டது. சோடா கடைசியில், அதுவும் வழக்கத்தைவிட ரொம்பக் குறைவாக. பிறகு களத்தில் தார்ப்பாய் விரித்து மெல்லியதாகப் பரப்பினோம். பங்குனிக் காற்று மாவை அள்ளிக்கொண்டு போகப் பார்த்தது. ரபீக் அண்ணன் வீட்டுக்கு ஓடி நாலு பழைய சேலைகளோடு வந்தார். மேலே போர்த்தி ஓரத்துக்கெல்லாம் நேற்றைய கல்லையே உடைத்து வைத்தோம். அந்தக் கல் அதற்காவது உதவியது.

சாயங்காலம் சலித்தபோது மூன்றில் ஒரு பங்கு கட்டியாக நின்றது. அரைத்து மறுபடி சலித்தோம். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. அக்கா அங்கேயே போர் தண்ணீரில், ரபீக் அண்ணனின் அழுக்குச் சட்டையைக் கேட்டு வாங்கித் துவைத்தாள்.

"நொரையே காணோமே. எவன் வாங்குவான்?" என்றார் அவர்.

"எவனும் வாங்க வேணாம்ணே, எனக்கு வேணும்" என்றாள் அக்கா, சட்டைக் காலரைப் பிரித்துக் காட்டியபடி. காலர் வெள்ளையாக இருந்தது. நுரை குறைவு என்பதால் ஒரே அலசலில் வேலை முடிந்தது.

இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. பங்குனி, சித்திரையில் போங்கள். ஐப்பசி மழையில் தூள் காயாது. முதல் நாள் வீணாகும் என்று எண்ணி மூன்று நாள் ஒதுக்குங்கள். சலிக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், நான் கட்டாமல் இரண்டு நாள் தும்மினேன். ஜியோலைட் முதலில், சோடா கடைசியில். எவ்வளவு பழகிய கை சொன்னாலும் இந்த வரிசையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு முறை கல்லாகிவிட்டது என்று ஊருக்குத் திரும்பியும் விடாதீர்கள்.

வைகாசியில் மறுபடி வண்டியூர் போனேன். மத்தியானம் அக்காவின் தட்டில் சோறு போட்டு, பழக்கத்தில் நானே பக்கத்தில் கரண்டியையும் வைத்தேன். அவள் அதை ஓரமாகத் தள்ளினாள். காரக்குழம்பைச் சோற்றில் விட்டு, ஐந்து விரலும் பட நன்றாகப் பிசைந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

"காரம் பத்தலடி. இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றாள்.