சைலன்சர் கழற்றிய கார்

போன வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தேன். பண்டாரவளையில் எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள ஏற்றத்தில், பின்னால் அகலக் குழாய் பூட்டிய கார் ஒன்று உறுமிக்கொண்டு போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "இவனுங்கள எல்லாம் புடிச்சு உள்ள போடணும்" என்று அடுப்படியிலிருந்து மகள் கத்தினாள். நானோ அரைத் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைக்கவேண்டும் என்று காலால் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்ற நினைப்பு. அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. உங்களிடம் சொன்னால் சிரித்துவிட்டு விட்டுவிடுவீர்கள். மகளிடம் சொல்லவில்லை, டொக்டரிடம் கூட்டிப் போய்விடுவாள்.

அந்தச் சத்தத்தோடு ஒரு வாசனையும் சேர்ந்துதான் எனக்கு ஞாபகம் வரும். புதிதாக ஒட்டிய இரும்புக்குழாய் முதல் தடவை சூடாகும்போது வருகிற வாசனை. துரு, கிரீஸ், கருகிய பெயின்ட். அவருடைய சட்டையை எத்தனை முறை கும்மித் துவைத்தாலும் போகாது. "ஒங்க வீட்டுக்காரரு சென்ட்டு பூசிக்கிட்டுப் போறாரு" என்று தோட்டத்து லய வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி கிண்டல் செய்வாள்.

தொண்ணூறுகளில் பெரகலச் சந்திக்குக் கீழே ஒரு தோட்டத்தில் இருந்தோம். எனக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவேண்டும். அவர் ஒரு பழைய காரை வைத்து வாடகைக்கு ஹயர் ஓடினார். வெள்ளைக்காரத் துரை, யாழ்ப்பாணத்து டொக்டர், அப்புத்தளைக் கடைக்காரர் என்று கைமாறி எங்களிடம் வந்தபோது அதற்கு என்னைவிட வயது கூடுதல். மாம்பழ நிறம் என்று அவர் சொல்வார். எனக்கு மஞ்சள் காமாலை நிறமாகத்தான் தெரிந்தது.

பெரகலையிலிருந்து அப்புத்தளைக்குப் போகும் பாதை முழுக்க ஏற்றம். அதில் ஒரு வளைவுக்குத் 'தள்ளுற வளைவு' என்றே பெயர். அந்த இடம் வந்ததும் யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. காரில் இருக்கும் ஆட்கள் தாமாகவே இறங்குவார்கள், சேலையையும் சாரத்தையும் இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் கைவைப்பார்கள். காருக்குள் பேசிக்கொண்டிருந்த கதை அறுபடாமல் வெளியிலும் தொடரும். மேலே கொழுந்தெடுக்கும் பெண்கள் சில நேரம் கூடையோடு இறங்கி வந்து கைகொடுப்பார்கள். ஒரு கல்யாண மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு தள்ளியதை நானே பார்த்திருக்கிறேன். மூடுபனி விழுந்த நாட்களில் காரும் தெரியாது, ஆட்களும் தெரியாது. பேச்சுச் சத்தம் மட்டும் மெதுவாக மலையேறிப் போகும்.

எங்கள் முதல் பிள்ளையை அந்த வளைவில்தான் இழந்தோம். அப்புத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி, காரில் பிரசவ வலியோடு நான், ஓட்டுவதற்கு அவர், வேறு யாரும் இல்லை. நல்ல மழை, மலையிலும் ஆளில்லை. அவர் இறங்கித் தள்ளினால் ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டும். கார் முக்கி முக்கி நின்றது. ஒரு லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனபோது நேரம் கடந்துவிட்டது. "கொஞ்சம் முந்தி வந்திருந்தா" என்று மட்டும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்குப் பிறகு பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை என் கை ஆட்டும், நான் எங்கோ இருப்பேன்.  நான் மறுபடி உண்டானதும் அவர் காருக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார்.

வேறு எஞ்சின் போட எங்களுக்கு வசதி ஏது? பண்டாரவளையில் இரும்பு ஒட்டும் பட்டறை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர்தான் யோசனை சொன்னார். "சைலன்சர் உள்ளுக்குள்ள உக்கிப் போய் அடைச்சிருக்கு. மூச்ச வெளிய உட முடியாதது உள்ள எப்புடி இழுக்கும்? நேர்க் குழாய் போடுங்க, கொஞ்சமாவது ஏறும்." வீட்டுக்காரருக்கு அது போதும். கொஞ்சம் நல்லது என்றால் நிறைய இன்னும் நல்லது என்று கணக்குப் போடும் ஆள் அவர். தோட்டத்து ஸ்டோரில், அதுதான் தேயிலை அரைக்கிற இடத்தில், கழித்துப் போட்ட தண்ணீர்க் குழாய் ஒன்றை வாங்கி வந்தார். என் கை அதற்குள் தாராளமாகப் போனது. அதைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணியதும் பிள்ளைக்காம்பராவில் அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வீரிட்டு அழுதன. சத்தம் லொறி மாதிரி, இழுவை மாட்டு வண்டி மாதிரி. முன்பு ஏறிய ஏற்றம்கூட ஏறவில்லை. நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். பிறகு எஞ்சினுக்குத் தக்க குழாயாக எடுத்து, மடிப்பு விழாமல் மணல் நிரப்பிச் சூடாக்கி வளைத்து, காபரேட்டரில் பெற்றோலையும் கொஞ்சம் கூட்டிவிட்டார்.

அன்றிலிருந்து கார் யாரும் இறங்காமலே தள்ளுற வளைவைத் தாண்டியது. பழக்கத்தில் கதவைத் திறந்த ஆட்களை, "ஒக்காருங்க, ஒக்காருங்க" என்று அவர் பெருமையாக அதட்டுவார். பின்னேரங்களில் நான் லயத்து வாசலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பேன். பனிக்குள் எங்கோ உயரத்தில் தேனீ மாதிரி கேட்கும், மலை முதுகுக்குப் பின்னால் போய் இல்லாமலாகும், மறுபடி கொஞ்சம் பெரிதாக வரும். எந்த வளைவில் வருகிறார் என்று எனக்குத் தெரியும். சந்தியைத் தாண்டியதும் எழுந்து கேத்தலை வைப்பேன். வயிற்றில் பிள்ளையும் அந்நேரம்தான் புரளும். அவ்வளவு நிம்மதியாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

அதைக் கெடுத்தது எங்கள் மலைநாட்டு ஹயர்க்காரர்களின் பழக்கம். இறக்கத்தில் பெற்றோல் மிச்சம் பிடிக்கச் சாவியை அணைத்துவிட்டு, பிரேக்கை நம்பாமல் கியரிலேயே உருண்டு வருவார்கள். எஞ்சின் சும்மா சுற்றிக்கொண்டு எரியாத பெற்றோலைக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டே வரும். கீழே வந்து சாவியைப் போட்டால் அத்தனையும் ஒரே நேரத்தில் வெடிக்கும். அடைத்துப்போன சைலன்சர் இருந்தவரை அது ஒரு ஏப்பம்தான். நேர்க் குழாயில் அது வெடிச்சத்தம். பெரகலச் சந்தியிலோ அப்போது, சண்டை நடந்த காலமென்பதால், ஆமி செக் பொயின்ட்.

ஒரு காலை நேரம் அவர் அப்புத்தளையிலிருந்து இறங்கி வந்து, மண்மூட்டைக்குப் பக்கத்தில் சாவியைப் போட்டார். சிப்பாய்களெல்லாம் குப்புற விழுந்துவிட்டார்கள். அடுத்த நிமிடம் அவர் தார் ரோட்டில் முழங்காலில், கை தலையில். அந்த நாளில் தமிழ் ஆளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். 

அவரைக் காப்பாற்றியது ஒரு சின்ன வயதுச் சிப்பாய். மொனராகலைப் பக்கம், அப்பாவிடம் உழவு இயந்திரம் இருந்ததாம். "சேர், இது குழாய்ச் சத்தம்" என்று கோப்ரலிடம் சிங்களத்தில் சொல்லியிருக்கிறான். கோப்ரல் நம்பவில்லை. அப்படியானால் செய்து காட்டு என்றார். எல்லாருமாகக் காரை மேலே தள்ளிக்கொண்டுபோய், மறுபடி உருட்டி, சாவியைப் போட வைத்தார்கள். வெடிக்கும் என்று தெரிந்திருந்தும் கோப்ரல் திரும்பவும் குனிந்துவிட்டாராம். அந்தச் சிப்பாய் சிரித்து ஏச்சு வாங்கினான். சைலன்சர் இல்லாமல் இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி, இருட்டுவதற்குள் விட்டுவிட்டார்கள்.

பழைய சைலன்சரைக் குழாயின் நுனியில் இரண்டு கிளிப் போட்டுத் திரும்பப் பூட்டினார். கார் ஊமையானது. ஆட்கள் மறுபடி இறங்கித் தள்ளத் தொடங்கினார்கள். எனக்கோ மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. "பயமா இருக்குங்க" என்றேன். "நான் இருக்கேன்ல புள்ள" என்றார். அவருடைய முகத்திலும் அதே பயம்தான்.

வலி வந்ததும் ஒரு மழை நாளில்தான். பக்கத்து வீட்டுக்காரியின் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தேன். சந்தி வரைக்கும் வருவதற்குள்ளேயே கார் இரண்டு தரம் நின்றது. செக் பொயின்டில் எல்லாரும் இறங்கி நடக்கவேண்டும் என்பது சட்டம். அந்தச் சிப்பாய்தான் நின்றான். உள்ளே குனிந்து என்னைப் பார்த்தான். பிறகு எஞ்சினுக்குக் காது கொடுத்தான்.

"அய்யே, இது ஏறாது" என்றான். அண்ணன் என்று கூப்பிட்டது எனக்கே விளங்கியது.

"ஏறாது மல்லி" என்றார் அவர். அவரும் தம்பி என்றே கூப்பிட்டார்.

சிப்பாய் காவல் குடிலை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அப்புறம் துப்பாக்கியை என் பக்கத்துக் கதவில் சாத்திவிட்டு, நனைந்த சாக்கொன்றை எடுத்துக்கொண்டு, உடுப்போடு சேற்றில் மல்லாக்கப் படுத்துக் காருக்கு அடியில் போனான். என் முகத்துக்கு நேரே கண்ணாடிக்கு வெளியில் அந்தத் துப்பாக்கி மழையில் நனைந்துகொண்டிருந்தது. வலியா கனவா என்று தெரியாத ஒரு நிலை. அடியிலிருந்து ஈரச் சாக்கு சுடும் வாசனை வந்தது. கிளிப் விழும் சத்தம் கேட்டது. சைலன்சரைச் சாக்கில் சுற்றித் தூக்கியபடி எழுந்து, புறங்கையால் கார்க் கூரையில் தட்டினான். "போங்க!"

போனோம். மலை முழுக்க அதிர்ந்தது. தள்ளுற வளைவில், சத்தம் கேட்டு இறங்கி வந்த பெண்கள் கையை நீட்டியபடி நிற்க, கார் அவர்களைத் தாண்டி ஏறியது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். அன்று பின்னேரமே மகள் பிறந்தாள், உயிரோடு.

பிள்ளையோடு திரும்பி வரும்போது செக் பொயின்டில் நிறுத்தினோம். அவனுக்குக் காட்டவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். எல்லாம் புது முகங்கள். பழைய ஆட்களை வடக்குக்குச் சண்டைக்கு அனுப்பிவிட்டார்களாம். மண்மூட்டைக்குப் பின்னால் எங்கள் சைலன்சர் இருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் வாயில் சாக்குத் துணியைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தான்.

இப்போது அங்கே செக் பொயின்ட் இல்லை. வளைவை அகலமாக வெட்டிவிட்டார்கள், யாரும் இறங்கித் தள்ளுவதில்லை, அந்தப் பெயரும் யாருக்கும் தெரியாது. காரை எடைக்குப் போட்டோம். அவரும் இல்லை. அந்தச் சிப்பாய் வடக்கிலிருந்து திரும்பி வந்தானா என்று மகளுடைய ஒவ்வொரு பிறந்தநாளிலும் நினைத்துக்கொள்வேன். விசாரிக்கலாம் என்றால் அவன் பெயர் எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் அவர்கள்தான் எங்கள் பெயரைக் கேட்பார்கள். நாங்கள் கேட்க முடியாது.