சொல்லாமல் விட்ட ஒன்று

இருட்டில் நடந்திருந்தால் கண் ஏமாற்றியது என்று நானே சொல்லியிருப்பேன், கண்ணுகளா. இது பட்டப்பகலில் நடந்தது. ஜன்னல் வெளிச்சம் கொட்டிக்கிடந்த அறையில், இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நானும் என் தங்கையும் முதுகுவலி, கழுத்துவலிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். தொடுவதற்கு முன்னால் ஆளை நிற்கவைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். முதலில் முதுகுப்பக்கம், கடைசியில் முன்பக்கம். நிற்கும் விதம், உடல்வாகு, தோல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் நான் உரக்கச் சொல்வேன். மேஜையில் குனிந்து தங்கை எழுதிக்கொள்வாள்.

"பார்த்தே குணமாக்கிடுவ போல, அக்கா. கொஞ்சம் கையையும் வெச்சுப் பாரு" என்று கிண்டல் செய்வாள்.

அன்று மதியம் ஒரு அம்மாள் வந்தாள். கதவுச் சத்தம் கேட்கவில்லை. திரும்பினால்... சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். உடம்பில் ஒரு வெள்ளைத் துணி மட்டும். முதுகு திறந்து கிடந்தது.

"என்னம்மா செய்யுது?"

"பார்த்துச் சொல்லு. தொடாதே."

குரலில் அப்படி ஒரு வெறுப்பு. வலியில் இருப்பவர்கள் எரிந்து விழுவது எனக்குப் புதிதில்லை. பார்த்தேன்.

"வலது தோள் இறங்கியிருக்கு. மேல்முதுகு கூன்."

தங்கை எழுதினாள். மறுபடி பார்க்கிறேன்... தோள் இரண்டும் சமமாக இருந்தன. கூனைக் காணோம். வெளிச்சம் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"உடம்பு ஒடிசல். எலும்பு தெரியுது."

ணங்... தரையில் ஏதோ உருண்டது. தங்கையின் வளையல். சோப்புப் போட்டாலும் கழலாத வளையல்.

"மேல சொல்லு" என்றாள் அந்த அம்மாள்.

"தோல்ல... கழுத்துக்கிட்ட வெள்ளைத் திட்டு."

"அக்கா, எனக்குக் கழுத்துல என்னமோ எரியுது."

தங்கையைப் பார்த்தேன். வலது தோள் சரிந்து, முதுகு வளைந்து, மணிக்கட்டு குச்சியாகி... கழுத்தில் வெள்ளைத் திட்டு.

அந்த அம்மாள் மெதுவாக முன்பக்கம் திரும்பினாள்.

என்னைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தாள். கடையில் துணி பார்ப்பதைப் போல.

"இதையும் சொல்லு."

அந்த அம்மாளின் நெஞ்சைப் பார்த்தேன்.

ஏறவில்லை.

இறங்கவில்லை.

மூச்சு...

அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, கண்ணுகளா. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"சொல்லுடி."

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

"ஏன்க்கா நிறுத்திட்ட? சொல்லு, எழுதிக்கறேன்" என்றாள் என் தங்கை.

உதட்டைக் கடித்தேன். ரத்தம் கரித்தது.

அந்த அம்மாள் என் முகத்துக்கு நேரே வந்தாள். மூச்சுக்காற்று படவில்லை.

"உன் வாய் இல்லேன்னா இன்னொரு வாய்."

கண்ணை மூடித் திறந்தேன். அறையில் நாங்கள் இருவர்தான்.

தங்கையின் தோள் இன்றுவரை நிமிரவில்லை. மூச்சு விடுகிறாள். அது போதும் எனக்கு.

சில நாள் கழித்து, பிணவறையில் வேலை பார்ப்பவர் ஒருவர் கழுத்துவலி என்று வந்தார். அவரை நிற்கவைத்தேன். நான் வாய் திறக்கவில்லை. அவராகவே பேசினார்.

"கூன் விழுந்த ஒரு அம்மாவைக் கொண்டுவந்தாங்க. கழுத்துல வெள்ளைத் திட்டு. நான்தான் குளிர்பெட்டியில வெச்சேன். மகன் வந்து பார்த்துட்டு, முகம் அவங்கதான், ஆனா எங்கம்மாவுக்கு முதுகு இப்படி நேரா இருக்காதுன்னு அழறாரு. எனக்கே குழப்பம். திட்டையும் காணோம். டாக்டரை மறுபடி கூட்டிட்டு வந்தோம்."

"வந்து?"

"பார்த்துட்டு, மூச்சு இல்லைன்னு சொன்னாரு. பக்கத்துல நின்னு எழுதிக்கிட்டிருந்த நர்ஸ் பொண்ணு... அப்படியே சரிஞ்சு விழுந்துச்சு. உசிரு போயிடுச்சு. அதைத் தூக்கிக்கிட்டு ஓடினோம். திரும்பி வந்து பார்த்தா, பெட்டி காலி."