வெள்ளைச்சாமி உட்கார்ந்த நாற்காலி

செய்தி வந்தபோது என் ஒரு கன்னத்தில் சோப்பு நுரை இருந்தது. காரைக்குடி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நான் வழக்கமாகப் போகும் சலூன். கத்தியைப் பிடித்திருந்த சேகர் தலையைத் தூக்கித் தொலைக்காட்சியைப் பார்த்தவன், அப்படியே நின்றுவிட்டான். "பாய், நம்ம வெள்ளைச்சாமி அண்ணன் போயிட்டாகபோல" என்றான். டெல்லியில் ஒரு மருத்துவமனை வாசலைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சேகர் நம்பாமல் சேனலை மாற்றினான். அதிலும் அவர்தான். அடுத்ததிலும் அவர்தான்.

எனக்கு அப்போது அழுகை வரவில்லை. 'செத்தும் எல்லாச் சேனலையும் பிடித்துக்கொண்டாரே' என்றுதான் தோன்றியது. பாதி மழித்த முகத்தோடு வீட்டுக்கு வந்து, தோன்றியதை அப்படியே என் மனைவி ஹமீதாவிடம் சொன்னேன். என் வயிற்றெரிச்சலோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள் அவள். "மவுத்தான மனுசன் மேலயுமா? இனிமேயாச்சும் விடுங்க" என்று சொல்லிவிட்டு அவள்தான் முதலில் அழுதாள்.

நினைவு மலர் போடுகிற நம் ஊர் நண்பர்கள் வந்து கட்டுரை கேட்டார்கள். "கூட்டுத் தொழில் செஞ்சவுக நீங்க. உங்களைவிட உரிமை யாருக்கு இருக்கு?" என்றார்கள். உரிமை உண்டுதான். ஆனால் அவரைத் தெரிந்த உங்களுக்கெல்லாம் என்னையும் தெரியும். மனை விற்றவர் டிவிக்குப் போனார், டிவியிலிருந்து டெல்லிக்குப் போனார், ஒரு தேசியக் கட்சிக்கே தலைவரானார். அவரோடு தொழில் தொடங்கிய சிக்கந்தர் இன்னமும் செக்காலை ரோட்டு மாடி அறையில் மனை வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறான். இதில் எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

அந்த மாடி அறைக்குத்தான் அவர் முதலில் வந்தார். திருப்பத்தூர்ப் பக்கத்தில் விவசாயம் பார்த்த சம்சாரி வீட்டுப் பிள்ளை. அப்பாவிடமிருந்து வந்த மூன்று ஏக்கர் வறண்ட காடு, அதன் பட்டா நகல் ஒரு மஞ்சள் பைக்குள். "இதுல எத்தனை வீடு வரும் பாய்?" என்று கேட்டார். நான் போய்ப் பார்த்தேன். கருவேலமும் ஒற்றை வேப்பமரமும் தவிர ஒன்றுமில்லை. "இங்கே யாரும் குடிவர மாட்டார்கள்" என்றேன். "கருவேலம் முளைக்குது. மனுசன் முளைக்க மாட்டானா?" என்றார். படம் போட்டுக் கொடுத்தேன். கூலிக்குப் பதிலாகத் தொழிலில் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வேன் வைத்து ஆட்களை அழைத்துப்போவோம். நான் வரைபடத்தை விரித்துச் சாலை அகலம், அரசு அனுமதி, பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் என்று விளக்குவேன். தலையை ஆட்டுவார்கள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். வேப்பமரத்தடியில் எல்லோரையும் உட்காரவைத்து இலை போட்டு, குழம்பை அவரே ஊற்றுவார். சாப்பிட்டு முடிந்ததும், வந்த பெண்களிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்பார். "அக்கா, அடுப்படி எங்குட்டு வரணும்?" அந்த அக்கா எழுந்து வெறுந்தரையில் நாலு அடி நடந்து, "இங்குட்டு" என்று காட்டுவாள். அவ்வளவுதான், மனை விற்றுப்போகும். என் வரைபடத்தை இலைக்கு அடியில் விரிக்க எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. "நீங்க படத்தைக் காட்டுறீக பாய், நான் அடுப்படியைக் கேக்குறேன்" என்று சிரித்தார். அந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்று முதல் நான் பொறாமையில் காய்ந்துபோக ஆரம்பித்தேன்.

பள்ளத்தூர் வீட்டு விவகாரத்தை உங்களில் பலர் அறிவீர்கள். தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய வீடு, ஏகப்பட்ட பங்காளிகள். அறைக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு ஊர். ஒரு சாவி சென்னையில் இருக்கும், இன்னொன்று மலேசியாவில். அதை விலைக்கு வாங்கித் தங்கும் விடுதி ஆக்குவது எங்கள் திட்டம். எல்லோரும் கையெழுத்திட வேண்டும். நான் முறையாகச் செய்கிறேன் என்று, பங்காளிகள் அத்தனை பேருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். ஒரு கையெழுத்தும் வரவில்லை. அதே தெருவில் குடியிருந்த மூத்த பங்காளி வீட்டு ஆச்சி கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பியனுப்பிவிட்டார்.

வெள்ளைச்சாமி ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கினார். வெற்றிலை பாக்கு, பழம், குங்குமச் சிமிழ் வைத்து, கல்யாணத்துக்கு அழைப்பதுபோல ஆச்சி வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். "கையெழுத்து கேட்டு வரலை ஆச்சி. உங்க வீட்டுல ஒரு விசேசம். எல்லாப் பங்காளியும் ஒண்ணா உக்காந்து ஒருவேளை சாப்புடணும். அழைக்க வந்திருக்கேன்" என்றார். ஆச்சி தட்டை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நேர்ல வந்து கூப்புடாம தபால்லயா அழைப்பாக? நாங்க என்ன கேசுக்காரகளா?" என்று கேட்டார். எனக்கு மண்டையில் அடித்ததுபோல் இருந்தது. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன் நான். நேரில் போய் அழைக்காத வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் தபால்காரரை அனுப்பினேன். அவர் சென்னை, கோவை என்று வீடு வீடாகத் தட்டோடு போனார். கடல் கடந்து இருந்தவர்களிடம், இங்கிருந்த சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே போய்ப் பேசினார். எல்லோரும் வந்தார்கள். அந்தப் பந்தியில் பாயசம் ஆறுவதற்குள் எல்லாக் கையெழுத்தும் விழுந்துவிட்டது.

பிற்காலத்தில் டெல்லியில் பல கட்சிகளை ஒரே மேசையில் உட்காரவைத்தார் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. அவர் என்னிடம் சொன்னது ஒரே வரி. "டெல்லியும் பங்காளி வீடுதான் பாய். ரூம் ரூமாப் பூட்டு. நம்ம தட்டைத் தூக்கிக்கிட்டு நேர்ல போகணும், அம்புட்டுதான்."

இனி அந்த நாற்காலிக்கு வருகிறேன். விடுதி, மனைகள் எல்லாவற்றையும் விளம்பரப்படுத்த உள்ளூர் கேபிள் சேனலில் வாரம் ஒரு மணி நேரத்தை வாடகைக்கு எடுக்கலாம் என்பது என் யோசனை. இது சத்தியம். பேசப்போவது நான் என்பதும் முடிவான விஷயம். என் குரல் நன்றாயிருக்கும், என் தமிழும் அவருடையதைவிடச் சுத்தம். பழைய சாமான் கடையிலிருந்து பர்மாத் தேக்கில் செய்த நாற்காலி ஒன்றை வெள்ளைச்சாமி வாடகைக்கு எடுத்துவந்தார். கைப்பிடியில் கிளி செதுக்கியிருக்கும். ஒரு கிளிக்கு மூக்கு உடைந்திருக்கும். அதற்குப் பிறகு நடந்ததாக நான் சொல்லும் கதை உங்களுக்கு மனப்பாடம். நான் மதிய லுஹர் தொழுகைக்குப் போனேன், திரும்பி வருவதற்குள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அந்த நிகழ்ச்சியில் அவர் பேசியது பேச்சே இல்லை. நேயர்களைப் பார்த்து, "அடுப்படி எங்குட்டு வச்சிருக்கீக?" என்று கேட்டார். ஊரே தொலைக்காட்சிக்குப் பதில் சொன்னது. சில வருடங்களில் அந்தச் சேனலையே வாங்கினார். பிறகு அது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது, வெளிநாட்டிலும் தெரிந்தது. தெரிந்த முகத்துக்குத் தேர்தலில் சீட்டு கொடுத்தார்கள். எம்.பி. ஆனார், மத்திய அமைச்சரானார், கட்சித் தலைவரானார். ஒவ்வொரு தடவையும் ஊரில் வெடி வெடிக்கும்போது நான் ஜன்னலைச் சாத்தினேன். 'உட்கார்ந்தது என் நாற்காலி' என்று டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் சொன்னேன்.

தலைவரான பிறகு அவர் இங்கே வந்த கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பேச்சின் நடுவே என்னைக் கண்டுவிட்டார். "அந்தா இருக்காக பாருங்க, சிக்கந்தர் பாய். நான் இன்னிக்கு உக்காந்திருக்கிறது அவுக சேரு. அவுக தொழுகப் போன நேரம் பாத்து உக்காந்துட்டேன். இன்னும் எந்திரிக்கலை" என்றார். மைதானமே கை தட்டியது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாள் காலை விருந்தினர் மாளிகையில் போய்ப் பார்த்தேன். போலீஸைத் தாண்டிப் போகவே ஒரு மணி நேரமானது. இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏன் அப்படிச் சொன்னீக?" என்றேன். "நீங்கதானே பாய் ஊர்பூரா அப்படிச் சொல்லி வச்சிருக்கீக. நான் மாத்திச் சொன்னா உங்களையில்ல பொய்யாக்கினது மாதிரி ஆகும்? உக்காருங்க, சாப்புடுங்க" என்றார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார்.

நடந்தது இதுதான். அன்று நாற்காலியில் முதலில் உட்கார்ந்தது நான். மூன்று நாள் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த பேச்சு. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் வாய் உலர்ந்துவிட்டது. "வணக்கம்" என்ற சொல்லோடு நின்றேன். பலமுறை எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் வணக்கம் மட்டுமே வந்தது. கேமராக்காரர் சிரித்துவிட்டார். வெள்ளைச்சாமி தன் தோள் துண்டால் என் முகத்தைத் துடைத்து, "போயித் தொழுதுட்டு வாங்க பாய். நிதானமா எடுப்போம். ஒண்ணும் அவசரம் இல்லை" என்றார். எழுந்து வந்தேன். பள்ளிவாசலுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்ற திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அங்கே சந்தையில் சும்மா சுற்றிவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு திரும்பினேன். கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் வரைக்கும் எனக்காகக் காத்திருந்துவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார் என்று கேமராக்காரர் சொன்னார். தப்பித்து ஓடியதை மறைக்கத் தொழுகையை இழுத்தேனே, அதற்கு நான் கேட்க வேண்டிய மன்னிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அதைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் இறந்த மறுநாள் உள்ளூர் சேனல்காரர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். "அந்தச் சேர் கதையைச் சொல்லுங்க பாய்" என்றார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த முறை என் வாய் நிற்கவே இல்லை. தொழப் போன கதையை அழகாக, ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். கேமராவைப் பிடித்திருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆயுளில் ஒரே ஒரு முறை கேமரா முன்னால் தடுமாறாமல் பேசினேன். பேசியது பூராவும் பொய். அந்த மனிதர் மறுத்துச் சொல்ல இனிமேல் இல்லை என்ற தைரியத்தில் சொன்ன பொய்.

அன்று மாலை டெல்லியிலிருந்து அவர் மகள் போன் பண்ணினாள். "மாமா, டிவியில பாத்தேன். அப்பாவும் இதையேதான் சொல்லுவாக. அந்தச் சேரை விலைக்கு வாங்கி இங்க ஆபீஸ்லதான் போட்டிருந்தாக. தனக்கு அப்புறம் உங்ககிட்ட சேத்துடணும்னு சொல்லிருக்காக. லாரியில ஏத்திவிடுறேன்" என்றாள். "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அந்த லாரி வருவதற்குள் நீங்கள் இதைப் படித்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அந்த நாற்காலியை அவர் பிடுங்கவில்லை. நான் விட்டுவிட்டு ஓடினேன். ஓடியவனின் மானத்தை இத்தனை வருடம் தன் தலையில் பழியாகச் சுமந்தார். சொல்லப்போனால் என் பொய்யைக்கூட அவர் என்னைவிட நன்றாகச் சொன்னார். அதிலும் எனக்குப் பொறாமைதான். என்ன செய்வது?

ஹமீதா முன் அறையில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறாள். "வந்தா நீங்க உக்காருவீகளா?" என்று கேட்டாள். மாட்டேன். மூக்குடைந்த கிளியோடு அது அவர் நாற்காலியாகவே இருக்கட்டும். அதற்கு எதிரே என் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். இத்தனை வருடம் அவரைப் பார்த்தே காய்ந்து பழகியவன் நான். எதிரே ஆளில்லாமல் பொறாமைப்பட இனிமேல்தான் பழக வேண்டும்.