பாதியில் நிற்கும் பாட்டு

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பாதியில் நிற்கிற எதையும் பிடிக்காது. பழுது பார்க்கிறவருக்கு அதுதானே பிழைப்பு, சந்தோஷப்பட வேண்டாமா என்று கேட்கலாம். மனிதர் அப்படி இல்லை. குழாய் சொட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வார். ஒரு கதவு பாதி மூடி நின்றால் சோறு இறங்காது. இருபத்தொன்பது வருஷம் இருட்டுக் குழிக்குள் இறங்கி, கயிறும் சக்கரமும் போடுகிற சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிப் பழகிய காது. தினமும் ஒரே இடத்தில் ஒன்று நின்றால் அங்கே கோளாறு இருக்கிறது என்பது அவருக்கு வேதவாக்கு. அந்த வேதவாக்குதான் அவரைக் கவிழ்த்தது.

பக்கத்து வீட்டுக்கு ஒரு வயதான தம்பதி குடிவந்தார்கள். அந்தம்மா பாலர் பள்ளி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளியில் புதுசு வாங்கியபோது பழைய பியானோவை அவருக்கே கொடுத்துவிட்டார்களாம். கணவர் சர்வே ஆபீஸில் வரைபடம் போட்டவர், நாற்காலியை விட்டு எழ முடியாதவர் என்பது வரைக்கும் மெக்கானிக்குக்குக் கேள்வி. போய்ப் பார்க்க நேரமில்லை என்பார். நேரம் இருந்தது, மனசுதான் இல்லை.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு டீச்சரம்மா வாசிக்க உட்காருவார். லீவு விடுகிற கடைசி நாளில் பள்ளிப் பிள்ளைகள் கத்திக்கொண்டே பாடுவார்களே, அந்த மெட்டு. இரண்டே வரி. முதல் வரி மேலே ஏறிப் போகும். 'மணி அடிச்சாச்சு, வீட்டுக்குப் போலாம்' என்று இரண்டாவது வரி இறங்கி வரும். டீச்சரம்மா முதல் வரியை வாசிப்பார், நிறுத்துவார். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. மறுபடியும் முதல் வரி, மறுபடியும் அதே இடத்தில் நிற்கும். ஒரு மணி நேரம் இதே கதை.

வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தவருக்கு மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே தொங்குகிற மாதிரி இருக்கும். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஒருநாள் முடியவில்லை. கையில் கிடைத்த ஸ்பேனரால் சுவரில் ஓங்கி நாலு தட்டுத் தட்டினார்.

"ஏம்மா, அடுத்த வரி தெரியலன்னா விட்டுடும்மா. கேக்கிறவனுக்கும் காது இருக்குல்ல" என்று கத்தினார்.

"வயசானவங்ககிட்ட இப்படியா பேசுவாங்க? நாக்கா அது, அரமா?" என்றாள் மனைவி.

சுவர் அடங்கியது. மறுநாளும் சத்தம் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. மெக்கானிக் நிம்மதியாகச் சாப்பிட்டார். பதினோராம் நாள் ஆம்புலன்ஸ் வந்தது. நாற்காலிக்காரருக்குத்தான் ஏதோ என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். போனது டீச்சரம்மா. காலையில் எழுந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மெக்கானிக்கின் காதுக்குள் அந்த முதல் வரி ஓடி, அதே இடத்தில் நின்றது.

அன்றோடு போகவில்லை. மோட்டார் அறையில் கேட்டது, குழிக்குள் கேட்டது. ஒரு நாள் ஆஸ்பத்திரி லிஃப்ட்டின் கூரைமேல் உட்கார்ந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே இருட்டில் இருந்து யாரோ வாசிப்பது போல அவ்வளவு தெளிவாகக் கேட்டது. எண்ணெய்க் கேனைக் கீழே போட்டுவிட்டார். இரண்டாவது வரியைத் தானே பாடி முடித்துப் பார்த்தார். வாய்தான் பாடியது, காதுக்குள் அது நின்ற இடத்தில் நின்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்; இவருக்கு அது மெட்டோடு குறுகுறுத்தது.

கோளாறு என்றால் சரிசெய்ய வேண்டும். தான் நிறுத்திய பாட்டைத் தன் கையாலேயே முடித்துவிட்டால் அது தன்னை விட்டுவிடும் என்று முடிவுகட்டினார். கடைக்குப் போய்ப் பிள்ளைகள் வாசிக்கிற சின்ன கீபோர்டு ஒன்று வாங்கி வந்தார். ஒயர் சுற்றுகிற கலர் டேப்பைக் கத்தரித்துக் கட்டைகள்மேல் ஒட்டி, தரைத்தளம், ஒன்று, இரண்டு என்று எழுதினார். ரெண்டு, ரெண்டு, நாலு, அஞ்சு என்று மாடி மாடியாக விரல் ஏறியது. ஸ்பேனர் பிடித்துக் காய்த்த விரல், ஒன்றைத் தொட்டால் மூன்று கட்டை அழுந்தியது.

"கட்டையெல்லாம் ரொம்பக் குறுகலா வெச்சிருக்கான்" என்றார்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றாள் மனைவி. ஆனால் ஆறு மணி ஆனால் அவளே டிவியை அணைத்தாள். ஏன் வாசிக்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாம் வாரம் முதல் வரி படிந்தது. அடுத்த வரிக்கு எங்கே இறங்குவது என்று மஞ்சள் டேப்பைத் தேடிக் கையை நிறுத்தினார். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து அடித்தொண்டையில் ஒரு முனகல் வந்தது. செத்துப்போன டீச்சரம்மாதான் வந்துவிட்டார் என்று அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறுநாளும் அதே இடத்தில் நின்றார், அதே முனகல். மனைவியைப் பார்த்தார். அவளும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு கீபோர்டைத் தூக்கிப் படுக்கையறைக் கட்டிலில் வைத்துக்கொண்டுதான் வாசித்தார். இருபது நாளில் நிற்காமல் இரண்டு வரியும் வந்துவிட்டது. காதுக்குள் இருந்தது மட்டும் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்பட்டது. டீச்சரம்மாவின் மகள், அம்மா போனதில் இருந்து அப்பாவோடு வந்து தங்கியிருக்கிறாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று மெக்கானிக் தயாரானார்.

"அங்கிள், ஆறு மணிக்கு நீங்கதானே வாசிச்சீங்க? இப்பல்லாம் ஏன் கேக்கல? அப்பா நாற்காலிய அந்தச் சுவத்துப் பக்கம் திருப்பச் சொல்லிச் சொல்லி அழறாரு. எங்க பியானோல வந்து ஒரு தடவ வாசிப்பீங்களா?"

போனார். நாற்காலியில் ஒரு பக்கம் வாய் கோணிய பெரியவர் இருந்தார். முனகியது யார் என்று அப்போது மெக்கானிக்குக்குப் புரிந்தது. பேயாக இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது. பியானோ முன் உட்கார்ந்து, பரீட்சை எழுதுகிற பிள்ளை போல முதல் வரியை வாசித்து, நிற்காமல் இரண்டாவது வரிக்கு இறங்கினார். பெரியவரின் வாய் திறந்தது, மெட்டு ஓடிப் போவதைப் பார்த்துத் தானாக மூடிக்கொண்டது.

"இல்ல அங்கிள்" என்றாள் மகள். "அங்க நிறுத்தணும். பக்கவாதம் வந்ததுல அப்பாவுக்குப் பேச்சு போச்சு. பேச வராட்டியும் பாட வரும், தெரிஞ்ச பாட்ட வாசிச்சு நடுவுல நிறுத்துங்க, மிச்சத்த அவர் சொல்லட்டும்னு டாக்டர் சொன்னாங்க. அம்மா நிறுத்திட்டுக் காத்திருப்பாங்க. ஒரு மாசத்துல 'மணி'ன்னு சொன்னாரு. அப்புறம் 'வீட்டுக்கு'ன்னு. யாருக்கோ தொந்தரவா இருக்குன்னு அம்மா திடீர்னு விட்டுட்டாங்க. யாருன்னு போன்ல எவ்வளவோ கேட்டேன், சொல்லவே இல்ல. வந்த ரெண்டு வார்த்தையும் போயிடுச்சு."

மெக்கானிக் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. தெரிந்த ஒருவர் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த நினைப்பு வந்ததற்காகவே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஸ்டூலைத் திருப்பிப் பெரியவருக்கு நேரே உட்கார்ந்தார்.

"ஐயா, சுவத்துல அடிச்சது நான்தான். வரி தெரியலன்னா விட்டுடும்மான்னு கத்தினது நான்தான். என்ன மன்னிச்சிடுங்க."

மகள் சமையலறைக்குப் போனாள், குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. பெரியவர் கண்ணெடுக்காமல் மெக்கானிக்கைப் பார்த்தார். உதடு பிரிந்தது, தாடை நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. ஏதோ ஒன்று தொண்டை வரை வந்து அங்கேயே நின்றது. அது மன்னிப்பா, சாபமா என்று எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவருக்குச் சொல் இல்லை. அதைத் திரும்பி வரவிடாமல் செய்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

திட்டட்டும், காறித் துப்பட்டும், நாசமாய்ப் போ என்று சொல்லட்டும். இந்த வாயில் இருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று மெக்கானிக்குக்குக் கண்ணீர் முட்டியது. ஸ்டூலைத் திருப்பினார். முதல் வரியை மெதுவாக வாசித்தார். கடைசிக் கட்டையில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.