கண்ணையாவின் கிணற்று நாடகம்

சூலூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் குடும்பத்தில் பிறந்த கண்ணையாவுக்கு வீட்டில் தெலுங்கு. தமிழை அவர் முதலில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கேட்டார். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டை போடும்போதும் வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுவார்கள். வேலையை விட்டுவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நிற்பார். பின்னாளில் சிங்காநல்லூரில் ஒரு மில்லில் மேஸ்திரியாகி, நாடகப் பைத்தியமும் பிடித்தபோது, அந்தப் பேச்சைத்தான் மேடையில் ஏற்ற வேண்டும் என்று நினைத்தார்.

அந்தக் காலத்தில் அது நடக்கிற காரியமாக இல்லை. கோயமுத்தூரில் நாடகம் என்றால் ராஜா, ராணி, ஆர்மோனியம், அடுக்குமொழி. கொங்குப் பேச்சு பேசுகிறவன் கோமாளியாகத்தான் வருவான்.

கண்ணையா எழுதியது ஒரு குடியானவன் வீட்டுக் கதை. மழையில்லாத வருஷத்தில் அப்பனும் மகனும் கிணற்றை ஆழப்படுத்தப் போகிறார்கள். மண் சரிகிறது. அப்பன் மட்டும் திரும்பி வருகிறான். அம்மா வாசலில் நின்று கேட்கிறாள்: “ஏனுங்க, பையனை எங்க உட்டுப்போட்டு வந்தீங்க?” அதற்குப் பிறகு நாடகம் முடிகிற வரைக்கும் அவன் வாயைத் திறப்பதில்லை.

அப்பனாக நடித்தவர் சுப்பையன், சூலூரில் தறி ஓட்டுகிறவர். அம்மா வேஷத்துக்கு மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்த ராமாமணி. பெண் வேஷத்துக்கு ஒரு பெண்ணையே சேர்த்ததற்கு மில்லில் ஒரு மாதிரியாகப் பேசினார்கள். கண்ணையா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஷிப்டு முடிந்ததும் ஒரு பஞ்சுக் குடோனில் ஒத்திகை. அந்த ஒரு வரியை ராமாமணி எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள்.

“அழுவாம கேளு அம்மணி. அவளுக்கு இன்னும் தெரியாதில்ல?” என்பார் கண்ணையா.

1953-ல் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் கூடத்தில் முதல்முறையாக நாடகம் நடந்தது. சுப்பையன் உடம்பெல்லாம் செம்மண்ணோடு வந்து நின்றார். ராமாமணி ‘ஏனுங்க’ என்றாள். கூடமே சிரித்தது. யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. வீட்டில் பேசுகிற பேச்சை மேடையில் கேட்டதும் சிரிப்பு தானாக வந்தது. பக்கவாட்டில் நின்றிருந்த கண்ணையா கூட்டத்தைப் பார்த்தார். இரண்டாவது வரிசையில் அவர் மனைவி வெங்கடலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், தன்னையறியாமல் வந்துவிட்டது என்று அவளாகவே தெலுங்கில் சொன்னாள். பரவாயில்லை என்றார். அதற்குப் பிறகு அவர் அவளை நாடகத்துக்குக் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை.

உடுமலைப்பேட்டையிலும் அதே கதைதான். அங்கே நாடகம் ஏற்பாடு செய்தவர் நல்ல மனுஷர். தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னார்: “மேஸ்திரி, அந்தம்மா பேசற எடத்தை மட்டும் நல்ல தமிழ்ல மாத்திப்போடுங்க. சனம் அழுதுபோடும்.”

“அவ அப்படிப் பேசமாட்டாளுங்க.”

“எவ?”

கண்ணையா வசனத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மற்ற நடிகர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். நாலு வருஷத்தில் சுப்பையனும் ராமாமணியும்தான் மிச்சம். ஒரு நாள் ஒத்திகை முடிந்ததும் ராமாமணி போகாமல் நின்றாள்.

“மெட்ராசுக்குப் போலாம்னு இருக்கேனுங்க, வாத்தியாரே. சினிமாவுல தெரிஞ்சவங்க இருக்காங்க.”

“போய்ட்டு வா அம்மணி. அங்க இப்படிப் பேசாதே, சிரிப்பாங்க.”

“இங்கயும் சிரிக்கத்தானுங்க செய்யறாங்க” என்றாள். மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு படத்தில் அவள் வந்தாள். கண்ணையா தனியாகப் போய் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தார். கதாநாயகி வீட்டு வேலைக்காரி வேஷம். கையில் துடைப்பத்தோடு வந்து, “ஏனுங்க, இங்க பாருங்க” என்று இழுத்தாள். கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்தில் இருந்தவர், “நம்மூருப் புள்ளைங்க!” என்று இவர் தொடையைத் தட்டினார். ஆமாம் என்றார் கண்ணையா. படம் முடிகிற வரைக்கும் இருந்து பார்த்தார்.

அவள் மெட்ராசுக்குப் போனதோடே ஒத்திகை நின்றுபோயிருந்தது. குடோனில் வேறு யாரோ பஞ்சு மூட்டை அடுக்கினார்கள்.

1962-ல் சுப்பையன் வந்து, அன்னூர்ச் சந்தையில் நாடகம் போட இடம் கிடைத்திருக்கிறது என்றார். “அம்மா வேஷத்துக்கு ஆளில்லையேப்பா” என்றார் கண்ணையா. “நீங்களே பண்ணுங்க. அந்த வசனம் உங்களை உட்டா யாருக்குத் தெரியும்?” என்றார் சுப்பையன்.

சந்தை நாளன்று மாடு விற்க வந்தவர்கள் விற்காமலே நின்றிருந்தார்கள். மழை பொய்த்த வருஷம், வாங்க ஆளில்லை. வெயில் தாழ்ந்ததும் புளியமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நாற்பது வயது தாண்டிய, மீசை வைத்த கண்ணையா சேலை கட்டவில்லை. வேட்டியோடு, துண்டை மட்டும் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டார். சிரிப்பார்கள் என்று தெரிந்தேதான் போய் நின்றார். செம்மண்ணோடு சுப்பையன் வந்தார்.

“ஏனுங்க, பையனை எங்க உட்டுப்போட்டு வந்தீங்க?”

யாரும் சிரிக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு குடியானவர், கையில் மாட்டுக் கயிற்றோடு எழுந்தார்.

“அவரைக் கேக்காதீங்க அம்மணி. அவரு எப்படிச் சொல்லுவாருங்க?”

தன்னைத்தான் அப்படிக் கூப்பிட்டார் என்று கண்ணையாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. அவரே எழுதிய அடுத்த வரி மறந்துபோயிற்று. சுப்பையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் நாடகம் நடக்கவில்லை. கூட்டம் மெல்ல எழுந்து கலைந்தது. கண்ணையா முக்காட்டை எடுத்துவிட்டு அந்த மனுஷரைத் தேடினார். அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார். எந்த ஊர் என்றுகூட ஒருவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து வெங்கடலட்சுமியிடம் சொன்னார். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே முழுக்கக் கேட்டாள். நாடகம் பாதியில் நின்றுவிட்டதா, பாவம் என்றாள். இல்லை என்று ஆரம்பித்தவர், என்ன சொன்னாலும் அங்கே நடந்தது அதுவாக இருக்காது என்று நிறுத்திக்கொண்டார். ராமாமணியிடம் சொல்லலாம் என்று பலமுறை நினைத்தார். மெட்ராசில் அவள் எங்கே இருக்கிறாள் என்று விசாரித்ததேயில்லை.

சுப்பையன் திருப்பூரில் சொந்தமாகத் தறி போட்டு அங்கேயே குடிபோனார். கண்ணையா புதிதாக எதுவும் எழுதவில்லை. மில்லில் ஆண்டு விழாவுக்கு இளவட்டங்கள் சிரிப்பு நாடகம் போட்டார்கள். ஒரு வருஷம் படுதா இழுக்கிறவன் வரவில்லை. “மேஸ்திரி, நீங்க கொஞ்சம் புடிங்க” என்றார்கள். ஓய்வு பெறுகிற வரைக்கும் வருஷா வருஷம் அவர்தான் இழுத்தார்.