மடிப்புக்குள் போன தெரு

எந்த அறிக்கையைக் கையில் எடுத்தாலும் அக்கா கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறப்பார். நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். அரசாங்கத் தொழில்நுட்ப அறிக்கைகளில் வரைபடங்களைக் கடைசியில் மடித்து வைத்துத் தைத்திருப்பார்கள். ஆட்கள் கிழித்துக்கொண்டு போவதும் அதைத்தான்.

"அக்காகிட்ட கல்யாணப் பத்திரிகை குடுத்தாலும் பின்னாடி வரைபடம் இருக்கான்னுதான் பாப்பாங்க" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள்.

அறிக்கைகள் இணையத்துக்குப் போகப்போகின்றன என்றதும் முதலில் சந்தோஷப்பட்டவர் அக்காதான். ஒரே ஒரு பக்கத்துக்காக பஸ் பிடித்து வந்து காத்துக் கிடக்கிறவர்களைப் பார்த்து அலுத்திருந்தார். வீட்டிலிருந்தே படிக்கட்டுமே.

ஒரு வெள்ளிக்கிழமை தையற்காரர் ஒருவர் வந்தார், கழுத்தில் அளவு நாடா தொங்க. ஆற்றோரத் தெருக்காரர். வெள்ள எல்லைக்குள் வருகிறது என்று தெருவையே காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். எல்லைக்கோடு பழைய வெள்ள அறிக்கையில் இருக்கிறதாம்.

"நெட்ல பாத்தேம்மா. எங்க தெருவையே காணோம்."

அக்கா கணினியில் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். ஸ்கேன் செய்தவர்கள் வரைபடத்தைப் பிரிக்கவே இல்லை. மடித்தது மடித்தபடி படமெடுத்திருந்தார்கள். படத்தில் ஓடி வந்த ஆறு மடிப்போடு நின்றது. தெரு உள்ளே போயிருந்தது. வேறு அறிக்கைகளைத் திறந்தார். எல்லாம் அதே லட்சணம்.

"புக்கு கீழ் அறையிலதான் கட்டி வெச்சிருக்கு. திங்கக்கிழமை வாங்கண்ணே, நானே பிரிச்சு நகல் எடுத்துத் தர்றேன்."

திங்கட்கிழமை கீழ் அறை துடைத்து வைத்தது போல இருந்தது. சனிக்கிழமையே லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது, காகித ஆலைக்கு.

இயக்குநர் அறைக் கதவைத் தட்டாமலே அக்கா உள்ளே போனார்.

"யாரைக் கேட்டு ஏத்துனீங்க?"

"எல்லாம்தான் நெட்ல இருக்கேம்மா. வீணா எடத்தை அடைச்சுக்கிட்டு..."

"என்ன சார் இருக்கு? மடிச்ச காகிதத்தோட முதுகு இருக்கு! ஒருத்தராவது திறந்து பாத்தீங்களா?"

"கத்தாதீங்க. வேற லைப்ரரியில வாங்கிக்கலாம்."

ஒவ்வொரு நூலகமாகப் போன் போட்டார். நெட்டில்தான் இருக்கிறதே என்று அவர்களும் கழித்துக் கட்டியிருந்தார்கள். அறிக்கையை எழுதிய துறையில் கேட்டால், உங்கள் நூலகத்தில் இருக்குமே என்றார்கள். போனைத் தூக்கி எறியலாம் போல வந்தது. நான் என்ன கிழித்தேன், கட்டு கட்டும்போது ஒன்றையாவது நெட்டில் திறந்து பார்த்தேனா என்று தன் மேலேயும் எரிச்சல்.

தையற்காரர் மறுபடி வந்தார்.

"காலி பண்ணச் சொன்னவங்ககிட்ட வரைபடம் இருக்கணுமேண்ணே?"

"அவங்களும் நெட்டைப் பாத்துத்தான் சொல்றாங்களாம். தெருவே தெரியல, கோடு மட்டும் எப்படிய்யா தெரிஞ்சுதுன்னு கேட்டேன். வெளிய போன்னுட்டாங்க."

அக்கா ஓய்வு பெற்றார். அப்புறமும் வீட்டிலிருந்து போன் போட்டபடியே இருந்தார். சென்ற ஆண்டு இறந்துபோனார். தெருவில் பாதி வீடுகளை இடித்தாகிவிட்டது. மீதிக்கு வழக்கு நடக்கிறது. ஆதாரம் எங்கே என்று தையற்காரரைத்தான் கேட்கிறார்கள்.

திங்கட்கிழமை தருகிறேன் என்ற நகலை அக்கா இன்னும் தரவில்லை.